பாலில் தண்ணீரும் வாட்டர்ஃபாலும்: 13 ஆண்டு அனுபவம்

மிக்ஸி வாங்கினால் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுபவம் எழுதுகிறார்கள். மென்பொருள் உருவாக்கும் வழிமுறைகளைப் பற்றி எழுதுகிறவர்களோ பெரும்பாலும் சான்றிதழ் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நான் 2012 முதல் அவற்றை வைத்துத்தான் சோறு தின்கிறேன். எது உழைத்தது, எது காலை வாரிவிட்டது என்று சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. நானும் என் மைத்துனனும் சேர்ந்து நடத்தும் இரண்டு ஆள் நிறுவனம். பால் சொசைட்டி, தீவனக் கடை, முதலமடை மாங்காய் மண்டி ஆகியவைதான் எங்கள் வாடிக்கை. பெரிய கம்பெனிகளில் வேலை செய்வோருக்கு என் தீர்ப்புகள் சில பொருந்தாமல் போகலாம்.

முதல் வேலை ஒரு பால் சொசைட்டிக்கு. கல்லூரியில் படித்ததெல்லாம் வாட்டர்ஃபால்தான்: தேவைகளைச் சேகரி, வடிவமை, நிரல் எழுது, சோதி, ஒப்படை. 62 பக்கத்தில் தேவைப் பட்டியல் தயாரித்தேன். செயலாளர் அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கணினியைப் போட்டோம்.

என் திரையில் உறுப்பினர் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டித் தேட வேண்டும். வரிசையில் முதலில் நின்றவர் தூக்குவாளியை மேசையில் வைத்து, "முப்பத்தேழு" என்றார். எனக்குப் புரியவில்லை. அங்கே யாரும் பெயர் சொல்லிப் பால் ஊற்றுவதில்லை. எண்ணைச் சொல்வார்கள், எழுத்தர் அந்த வரியில் லிட்டரை எழுதுவார், ஆள் நகர்ந்துவிடுவார். அந்த எண் என் 62 பக்கத்தில் எங்குமே இல்லை, ஏனென்றால் நான் விவரம் கேட்கப் போனது பகல் பதினொரு மணிக்கு. ஆறேகாலுக்கு வரிசை சாலைக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்குப் பால் வண்டி வந்துவிடும். "தம்பி, இதை ஓரமாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அக்கா நோட்டை எடுத்துவிட்டார்.

வாட்டர்ஃபால் முறைக்கு மூலம் என்று சொல்லப்படும் கட்டுரையை அமெரிக்க மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதினார். அதில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே கிடையாது. படிகளை வரைந்து காட்டிய கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, முடிந்தால் இரண்டு முறை செய்யுங்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு முறைதான் செய்தேன். இரண்டாவது முறை சொந்தச் செலவில்.

அதன்பிறகு சில காலம் ஸ்க்ரம் பிடித்து ஆட்டியது: வேலையைச் சில வாரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முடித்துக் காட்டும் முறை. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தை, அதாவது திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதே முக்கியம் என்ற, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அறிக்கையைப் படித்தபோது, இது நமக்காகவே எழுதப்பட்டது என்று தோன்றியது. நடைமுறையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமனும் மச்சானும் தினமும் எழுந்து நின்று, "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டுக்கொண்டோம். என் மனைவி வாசலில் நின்று சிரிப்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதை முதலில் செய்வது என்று முடிவு சொல்ல வாடிக்கையாளர் பக்கம் ஒரே ஆள், கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது ஸ்க்ரமின் அடித்தளம். எங்கள் செயலாளர்கள் விடியலில் மாடு கறந்து, சொசைட்டியைத் திறந்து மூடி, மாலையில் மறுபடி கறக்கிறவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. ஒன்றரை ஆண்டில் விட்டுவிட்டோம்.

அடுத்தது மாதிரி வடிவம். காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு, ஓடுகிற திரையைக் காட்டித் திருத்துவது. மனிதர்கள் பார்த்தால்தான் பேசுவார்கள் என்பது உண்மை. இரண்டே வாரத்தில், 62 பக்கம் சொல்லாததையெல்லாம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை வேறொரு சொசைட்டி. திரை அவ்வளவு பிடித்துப்போய், "நாளைக்கே ஓட்டிவிடலாம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். என் தொழில் வாழ்க்கையின் மிக மோசமான பத்து நாள் அது.

பாலின் விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பொறுத்தது. இரண்டாவதைக் கணக்கிட, பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரின், வெப்பநிலைக்கேற்பத் திருத்திய அளவை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கையும் ஒரு மாறிலியையும் கூட்டுவார்கள். அந்தப் பங்கும் மாறிலியும் இடத்துக்கு இடம் மாறும். ஒன்றில் 0.25 பங்கும் 0.44-உம், இன்னொன்றில் 0.21 பங்கும் 0.36-உம். லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய்பாட்டில் 8.44 வரும், இரண்டாவதில் 8.20. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் 8.3. ஆக, அதே பால் ஒன்றில் தேறும், மற்றதில் தோற்கும். சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை முதல் வாய்பாட்டின்படி. திரையைக் காட்டுவதற்காக, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் போட்டுவைத்தது இரண்டாவது.

பத்தாம் நாள் பட்டுவாடா. ஒரு பாட்டி ரசீதை மேசையில் வைத்து அதன்மேல் விரலை ஊன்றினார். "ஏன் கண்ணு, நான் தண்ணீர் ஊற்றினேன் என்கிறாயா?" குறைந்தது சில பத்து ரூபாய்தான். ஆனால் பால் ஊற்றும் வீட்டைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது, அதை என் நிரல் வரிசைக்கு நடுவே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து மாதிரித் திரையில் கணக்கே வைப்பதில்லை. எண் வர வேண்டிய இடத்தில் வாழைப்பழப் படம் வரும். வாழைப்பழத்தை யாரும் நாளைக்கே ஓட்டச் சொல்வதில்லை.

நான் மிகத் தாமதமாகக் கண்டுகொண்டது, பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்று. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் செக்லேண்ட் உருவாக்கிய மென் அமைப்பு வழிமுறை (Soft Systems Methodology), மனிதர்கள் சிக்கிக்கொண்ட குழப்பமான நிலவரங்களை ஆராய்வதற்கானது. அதில் வரும் பல படிகளை நான் பின்பற்றுவதில்லை. எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: முதலில் நிலவரத்தைப் படமாக வரைவது. யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார்மேல் சந்தேகம், யார் எதற்குக் கவலைப்படுகிறார்கள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். பாட்டி விவகாரத்துக்குப் பிறகு அந்தச் சொசைட்டியில் உட்கார்ந்து வரைந்தோம். பால் சோதிக்கும் பையனைச் சுற்றி மட்டும் கோபக் கோடுகள் குவிந்தன. ரசீது மலையாளத்தில் மட்டும் இருந்தது. ஊற்றுகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். கொழுப்பு எது, எஸ்.என்.எஃப். எது என்று தெரியாமல் பையனிடம் கேட்பார்கள். வரிசை நகர வேண்டிய அவசரத்தில் அவன் எரிந்து விழுவான். ஏழு ஆண்டுகளாக நாங்கள் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அங்கே தேவைப்பட்டது ரசீதில் இரண்டு வரித் தமிழ்.

இதனால் வாட்டர்ஃபாலைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை கேரளத்தில் 1 சதவீத வெள்ள செஸ் என்ற கூடுதல் வரி இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள பொருளைப் பதிவில்லாத வாடிக்கையாளருக்கு மாநிலத்துக்குள் விற்றால் உண்டு, 5 சதவீதப் பொருளுக்குக் கிடையாது. தீவனத்தோடு பம்பு, குழாய் விற்கும் கடைகளுக்கு இதைச் செய்து கொடுத்தோம். விதி அரசாணையில் இருக்கிறது, தொடங்கும் தேதியும் முன்கூட்டியே தெரியும், கடைக்காரரிடம் கேட்டு எதுவும் மாறப்போவதில்லை. எழுதி, செய்து, சோதித்து, ஒப்படைத்தோம். ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. விடை முன்பே எழுதப்பட்டிருக்கும் இடத்தில் அது பழைய அம்பாசிடர் போல ஓடும்.

முதலமடையில் கதை வேறு. நாட்டில் முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் அந்த ஊர்ப் பழமும் ஒன்று. ஜனவரிக்குள் மென்பொருள் தயாராக வேண்டும், தள்ளிப் போட்டால் அடுத்த சீசன்தான். அங்கே தேதியைக் கல்லாக வைத்துக்கொண்டு வேலையின் அளவைச் சுருக்குகிறோம். எடை, கமிஷன், லாரி வாடகை கட்டாயம். ரகவாரி வரைபட அறிக்கை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யாரும் அழப்போவதில்லை. முதல் ஆண்டு அறிக்கை இல்லாமலே மண்டி ஓடியது. இரண்டாம் ஆண்டு கேட்பார்கள் என்று காத்திருந்தேன், இன்றுவரை கேட்கவில்லை.

பராமரிப்பு வேலைகளுக்குக் கான்பான்: வேலைகளைச் சீட்டில் எழுதிப் பலகையில் நகர்த்துவது. டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த முறை, எங்களிடம் ஒரு கரும்பலகையும் மூன்று பத்திகளும். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கான நடுப் பத்தியில் இரண்டு சீட்டுக்குமேல் ஒட்டக்கூடாது. மைத்துனன் மூன்றாவதை ஒட்டினால் அன்றைய டீ அவன் செலவு. இது குறையே சொல்ல முடியாத முறை, அதனாலேயே எழுதவும் அதிகம் இல்லை.

இப்போது வேலந்தாவளம் பக்கம் இன்னொரு சொசைட்டி கூப்பிட்டிருக்கிறது. எந்த முறையில் செய்வீர்கள் என்று தலைவர் கேட்டார், எங்கோ கருத்தரங்கில் கேட்டிருப்பார். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை ஐந்தரைக்கு, பக்கத்து வீட்டு மாட்டின் பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நானும் அந்த வரிசையில் நிற்கப் போகிறேன். எண் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.