கெக்கோவின் பொந்தில் உயிர்ப்பாசி: இரண்டு வருடத்துக்குப் பிறகு

நான் தொட்டியில் வளர்க்கும் லெப்பர்டு கெக்கோ வறண்ட நிலத்துப் பல்லி. தொட்டியின் மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருக்கலாம், ஆனால் சட்டை உரிக்கும் நாட்களில் போய்ப் படுத்துக்கொள்ள ஈரமான பொந்து ஒன்று இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பழைய தோல் விரல் நுனியில் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். அந்தப் பொந்தை உயிருள்ள பாசியால் (மாஸ்) பச்சைப்பசேலென்று ஆக்கிவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

முதல் முயற்சி சொதப்பல். பொந்தின் உள்ளே தரை முழுக்கப் பாசியை மெத்தைபோல விரித்துவிட்டேன். மூன்றாவது வாரம் மூடியைத் தூக்கினால் எல்லாம் பழுப்பு, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, நனைந்த துணியை மடித்து வைத்த வாடை. ஒளிந்துகொள்வதற்கென்று இருட்டறை கட்டி, அதற்குள் வெளிச்சத்தில் வாழ்கிற செடியை வைத்தால் வேறென்ன ஆகும்? போதாததற்கு அந்த மகராசி ராத்திரி முழுக்கத் தோண்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஏற்பாட்டை மாற்றினேன். உள்ளே, காய்ந்த ஸ்பேக்னத்தை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போடுகிறேன். செத்த பிறகும் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கிற பாசி அது. உயிர்ப்பாசி வெளியே மட்டும்தான்: சொரசொரப்பான கார்க் பட்டைக் கூரையிலும் வாசலைச் சுற்றியும். அதற்கு நேர் மேலே ஒரு எல்இடி. வெப்ப விளக்கு தொட்டியின் மறுகோடியில்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு பாடம். பாசிக்கு வேர் கிடையாது, இலையாலேயே குடிக்கும். குழாய்த் தண்ணீர் தெளித்தபோது உப்பெல்லாம் இலையிலேயே தங்கி நுனி கருகியது. மழைநீருக்கு மாறி இரண்டு மாதத்தில் புதுத் தளிர்கள் எட்டிப் பார்த்தன.

அழகைவிட எனக்குப் பிடித்துப்போனது வேறொன்று. வாசல் பாசி காயத் தொடங்கினால் இலைகள் சுருண்டு வெளிறிவிடும். ஈரமானியை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, உள்ளேயும் நனைக்க வேண்டிய நேரம் என்று தெரிந்துவிடுகிறது. தெளித்த சில நிமிடத்தில் மறுபடி விரிந்துகொள்ளும். இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

வெளியிலிருந்து எடுத்த பாசியைக் கழுவி ஒரு மாதம் தனி டப்பாவில் வைத்த பிறகுதான் தொட்டிக்குள் விடுகிறேன். பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடிய இடத்துப் பாசியைத் தொடுவதே இல்லை. கூடவே ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டால் பூஞ்சையை அவை தின்று தீர்க்கின்றன. இரை மட்டும் கிண்ணத்தில்தான். பாசிமேல் ஓடும் வெட்டுக்கிளியைக் கவ்வினால் வாய் நிறையப் பாசியும் சேர்ந்து போய்விடும், அது குடலை அடைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் சட்டை உரித்தாள், வழக்கம்போல உரித்ததைத் தானே தின்றும் விட்டாள். இருபது விரலும் சுத்தமாக இருந்தன. ஏறி இறங்கியதில் கூரைப் பாசி ஒரு கைப்பிடி பெயர்ந்து வாசலில் திரைபோலத் தொங்குகிறது. அதற்குப் பின்னால் மூக்கு மட்டும் தெரிகிறது.