ஜிட் கம்பைலருக்குள் பிழை வந்தால் எறிவதா, அங்கேயே நிறுத்துவதா?

வெள்ளவத்தையில் மூன்று பேராக ஒரு கணக்கு மென்பொருள் செய்கிறோம். பயனர் எழுதும் சூத்திரத்தை ஓடும்போதே இயந்திரக் கட்டளையாக மாற்றும் சின்ன ஜிட் கம்பைலர் ஒன்று அதற்குள் இருக்கிறது. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதியது, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். ரெஜிஸ்டர் ஒதுக்கீடு (எந்த மதிப்பு செயலியின் எந்த இடத்தில் என்பது) குழம்பியது மாதிரி கம்பைலருக்குள்ளேயே ஏதும் பிசகினால் முதலில் எக்செப்ஷன் எறிந்தோம், அதாவது வேலையை அங்கேயே விட்டு, மேலே பிழையைப் பிடிக்கும் கேட்ச் என்ற இடத்துக்கு நேரே தாவினோம். இப்போது எறிவதில்லை.

எக்செப்ஷனின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். பத்து ஃபங்ஷன் ஆழத்தில் பிசகினாலும் நடுவில் யாரும் எதையும் சுமக்க வேண்டாம், மேலே ஒரு கேட்ச் போதும். எறியாதவரை செலவும் கிட்டத்தட்ட இல்லை.

சிக்கல் ஸ்டாக்கில், அதாவது எந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டார், எங்கே திரும்ப வேண்டும் என்பது அடுக்காகக் கிடக்கும் நினைவகத்தில். எறிந்தது கேட்ச் வரை போக, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஸ்டாக்கை எப்படிப் பிரிப்பது என்ற அட்டவணை வேண்டும். சாதாரண கம்பைலர் அதைத் தானே எழுதிவிடும், ஜிட் கட்டளைக்கு நாம்தான் எழுத வேண்டும். எங்களிடம் ஒரு சூத்திரம் இன்னொன்றை முதல்முறை கூப்பிடும்போதுதான் அந்த இரண்டாவது கம்பைல் ஆகும், ஆகவே எறியும் நேரத்தில் வழியில் ஜிட் ஃபிரேம் (ஜிட் கட்டளைக்கு ஸ்டாக்கில் உள்ள பங்கு) கட்டாயம் கிடக்கும். அட்டவணையைப் பதிய, லினக்ஸில் ஜிசிசி கம்பைலரின் ரெஜிஸ்டர் ஃபிரேம் ஃபங்ஷன் இஎச் ஃபிரேம் என்ற அட்டவணைப் பகுதியை முழுசாக வாங்கிக்கொள்ளும், மேக்கில் அதே பெயருள்ளது ஒவ்வொரு எஃப்டிஇயாக (ஒரு ஃபங்ஷனுக்கான பதிவாக) கேட்கும், விண்டோஸ் 64 பிட்டில் வடிவமே வேறு. அங்கே அட்டவணையைப் பதியாமல் விட்டால், இது வேறு எதையும் கூப்பிடாத, ஸ்டாக்கைத் தொடாத லீஃப் ஃபங்ஷன் என்று விண்டோஸ் நினைத்து, ஸ்டாக் உச்சியில் கிடப்பதைத் திரும்பும் முகவரியாக நம்பிப் போய்விடும். அப்படித்தான் புறக்கோட்டை வியாபாரி ஒருவரின் கணினியில், அதுவும் மாத முடிவில், ஒரு சொல்லும் சொல்லாமல் மூடிக்கொண்டது. மூடக்கூடாது என்றுதான் எக்செப்ஷனே வைத்தோம்! லினக்ஸில் எல்லாச் சோதனையும் பச்சை.

ஜிட் கட்டளைக்குள் திரும்பும் வாசலிலேயே கேட்ச் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வைத்தோம். வாசல்கள் கூடிக்கொண்டே போயின, ஒன்றை மறந்தாலும் லினக்ஸில் தெரியாது, விண்டோஸில்தான் வெடிக்கும்.

இப்போது பிசகைக் கண்ட இடத்திலேயே அந்தக் கம்பைலை நிறுத்தி, பிழை மதிப்பைத் திருப்பி அனுப்புகிறோம். சூத்திரம், கம்பைல் செய்யாமல் வரிவரியாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரில் ஓடும். மெதுவுதான், ஆனால் விடை சரி. எங்கள் மேசையில் பிழை தேடுவதற்கென்று உள்ள டீபக் பில்டில் நேரே அபோர்ட் (நிரலையே நிறுத்துவது), அதனால் ஸ்டாக் கலையாமல் பிழை நடந்த இடம் அப்படியே கோர் டம்பில், அதாவது நினைவகத்தின் நகலில் கிடைக்கிறது. கம்பைலர் கட்டும் நூலகமான எல்எல்விஎம்மும் வழமையாக எக்செப்ஷன் இல்லாமல்தான் கம்பைல் ஆகிறது. இயந்திரக் கட்டளை எழுதும் நூலகமான ஆஸ்ம்ஜிட் பிழை எண்ணைத் திருப்பித் தரும், எறிவதா என்பதை நம் ஹேண்ட்லரிடம் விட்டுவிடும். ஒவ்வொரு ஃபங்ஷனிலும் திரும்பி வந்ததைப் பார்க்க வேண்டியிருப்பது எரிச்சல்தான், திரும்பி வந்ததைப் பார்க்காவிட்டால் எச்சரிக்கும் நோடிஸ்கார்ட் என்ற குறியைப் போட்டதால் மறப்பதாவது குறைந்தது.

இன்டர்பிரெட்டர் இல்லாத ஜிட் என்றால் இந்த யோசனை பாதிதான் உதவும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்பைல் செய்பவர்களுக்கு, வழியில் ஜிட் ஃபிரேம் கிடக்காது என்பதால், எக்செப்ஷனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மேக்கில் எம்1 செயலியுள்ள ஒரே ஒரு கணினியில் ஆறு மாதம்தான் ஓட்டினோம், அங்கே என் சொல்லைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். அப்புறம், நினைவகம் கிடைக்காமல் வெக்டர் (சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் பட்டியல்) தானே எறிவதற்காக வாசலில் ஒரு கேட்ச் இன்னும் இருக்கிறது. அதை எடுக்கத் துணிவு வரவில்லை.