ஸ்காட்டிஷ் பார்லிமென்ட் டிவி: கோத்தகிரில இருந்து ஒரு ரிவியூ

மழைக்கு இங்க நெட் இழுத்துட்டே இருக்கும், ஆனாலும் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கூட்டத்த நெட்ல காட்டுற இந்த டிவி ஓரளவு நல்லாவே ஓடுது, ஃப்ரீதான், லாகின்லாம் கேக்காது. 1999ல ஆரம்பிச்ச சபை, 129 மெம்பர்ஸ். வியாழக்கிழமை அவங்க டைம் மதியம் 12க்கு முதல் அமைச்சர்கிட்ட கேள்வி கேப்பாங்க, எல்லாரும் அதத்தான் பாப்பாங்க, ஆனா என்னைக் கேட்டா மெம்பர்ஸ் பிசினஸ்னு ஒண்ணு வருது பாருங்க, அதான் விஷயமே. ஒரு மெம்பர் தன் ஊர் ஆஸ்பத்திரி, பஸ், படகு பிரச்சனைய தீர்மானமா குடுத்து மத்த கட்சிக்காரங்க ஆதரவும் வாங்கிட்டா அது விவாதத்துக்கு வரும், ஓட்டெடுப்பு இல்ல, ஆனா கடைசில அரசு சார்பா அமைச்சர் எழுந்து பதில் சொல்லுவார். பொதுமக்கள் மனு போடணும்னா ஒரே ஒரு கையெழுத்து போதுமாம், ரொம்பப் பிடிச்சிருக்கு.

நம்ம சட்டசபைலயும் கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம்லாம் இருக்கு. ஊட்டி, குன்னூர், கூடலூர்னு 234ல நம்ம மாவட்டத்துக்கு 3 பேர்தான், அதனால யானை, மண்சரிவு, பட்டானு அவங்க பேசுற ஒவ்வொரு நிமிஷமும் நமக்கு முக்கியம்ங்க.

குறைனா அந்த ஆக்சென்ட்தான், சட்டுனு புரியாது. அஃபீஷியல் ரிப்போர்ட்டுல பேசினது முழுக்க எழுத்துல இருக்கு, அதையும் பக்கத்துல திறந்து வச்சுட்டுப் பாருங்க. 5க்கு 4.