தூக்கத்துக்கு மார்க் போடும் வாட்ச்: மூன்று மாத அனுபவம்

2,799 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். தூக்கம், ஸ்ட்ரெஸ், ஆக்சிஜன் எல்லாவற்றையும் அளக்கும் என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது தூக்கம் மட்டும்தான். பெருங்குடியில் அமெரிக்க ஷிப்ட் பார்க்கிறேன், கேப் வந்து இறக்கிவிடும்போது மூன்று மணி ஆகிவிடும், படுத்தாலும் ஐந்து வரை கண் மூடாது.

முதல் வாரமே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் படுத்தபடி அசையாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரீல்ஸ் பார்த்தேன். காலையில் ஆப்பைத் திறந்தால் அந்த நேரம் முழுக்க ‘லேசான தூக்கம்’ என்று பதிவாகியிருக்கிறது! அப்புறம் உட்கார்ந்து படித்ததில்தான் விஷயம் புரிந்தது. அடியில் எரிகிற பச்சை விளக்கின் வெளிச்சம் தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்புவதை வைத்து நாடியை எண்ணுகிறது, கூடவே கை அசைகிறதா என்று பார்க்கிறது, மிச்சமெல்லாம் ஊகம். ஆழ்ந்த தூக்கமா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்ல மூளை அலைகளைப் பார்க்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டிப் படுக்க வைப்பார்கள். ரூமில் ஒரு நாள் விளையாட்டாக வாட்சை வாழைப்பழத்தில் கட்டிப் பார்த்தோம், பழத்துக்கு நாடி 78.

சரி, விளையாட்டுப் பொருள் என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே மார்க் பார்ப்பேன். 60க்குக் கீழே இருந்தால், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில்கூட உடம்பு அடித்துப் போட்டது போல ஆகிவிடும். இன்றைக்காவது 80 வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தால் எங்கே தூக்கம் வரும்? இந்தத் தொல்லைக்கு 2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிக்கொண்ட வியாதி.

ஒரு விஷயத்தில் வாட்சைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை குவார்ட்டர் அடித்துவிட்டுப் படுத்தால் ‘செம தூக்கம்’ என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் தூக்கத்தில் 60ஐ ஒட்டி இருக்கும் நாடி, அந்த ராத்திரிகளில் விடிய விடிய 80க்கு மேல் ஓடியிருக்கிறது. ஆடாமல் படுத்திருக்கும்போது நாடியை ஓரளவு ஒழுங்காகவே எண்ணுகிறது என்பதால் இதை மட்டும் நம்பினேன். குவார்ட்டரை நிறுத்தவில்லை, குறைத்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தம்மோடு சேர்த்து அடிக்கும் டீயை நிறுத்திவிட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்து ஸ்ட்ரெஸ் மார்க். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு இது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் ஏறும், காய்ச்சல் வந்தாலும் ஏறும், மனக்கவலைக்கென்று தனி அளவெல்லாம் கிடையாது. ஆனாலும் தொடர்ந்து இரண்டு வாரம் சிவப்பிலேயே நின்றதை ரூம்மேட் பார்த்துவிட்டான். “என்ன மச்சான், உனக்கு மட்டும் எப்பவும் சிவப்பாவே இருக்கு?” என்றான். ‘மனசு சரியில்லடா’ என்று வாய்விட்டு எவனிடமும் சொல்லியிருக்க மாட்டேன், இதில் நம்பர் இருந்ததால் அதைக் காட்டிப் பேச முடிந்தது. மொட்டைமாடியில் விடியும் வரை பேசினோம். அப்பா போன பிறகு அவனும் சரியாகத் தூங்கவில்லையாம். ஆறு மாதமாக ஒரே ரூம், எனக்குத் தெரியாது. 14416க்கு இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்தும் டெலி மானஸ் எண் அது, காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நான் அவன் யாரோ பெண்ணோடு பேசுகிறான் என்று நினைத்திருந்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி ஏழு நாள் என்பது அட்டைப்பெட்டியில் மட்டும், தூக்கத்தை அளக்க விட்டால் மூன்று நாள் தாண்டாது. ரப்பர் வார் சென்னை வேர்வைக்கு அரிக்கிறது, துணி வார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். நாடி பார்க்க, நடையை எண்ண இந்த விலைக்குப் பரவாயில்லை. தூக்க மார்க்குக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம், வாங்கித் தொலைத்துவிட்டால் அந்த நோட்டிபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஐந்துக்கு இரண்டரை ஸ்டார், அதிலும் அரை ஸ்டார் மொட்டைமாடிக்கு. என்னுடையதை ரூம்மேட்டுக்குப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றேன், ஓசியில் கேட்கிறான்.