மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் ஒரு கூழ்க் கடை

எனக்கு வயது 63. மூத்தோர் தடகளத்தில் 5,000 மீட்டர் ஓடுகிறேன். 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். நான் 60–64 பிரிவு. வாரத்தில் நான்கு நாள் தோட்டத்து மண் சாலையில் ஓடிவிட்டு, ஏழு மணிக்கு நேராக இந்தக் கடைக்குத்தான் வருவேன்.

கேழ்வரகுக் கூழைக் குடித்துப் பாருங்கள். முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்த மாவு. மோர் ஊற்றி, கல் உப்பு போட்டு, கடைக்காரத் தங்கச்சி கையாலேயே கட்டியில்லாமல் கரைத்துத் தருவார். கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம். வியர்த்து வந்த உடம்புக்கு அந்த உப்பும் நீரும்தான் முதல் மருந்து. கூடவே இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். வயதாக ஆகத் தசை கரையும். காலையிலேயே புரதத்தைக் கூட்டிய பிறகு, கடைசிச் சுற்றில் என் தொடை தளர்வதில்லை. மொத்தம் 7 வெள்ளி (ரிங்கிட்).

தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், கேட்டால் சீனி ஒரு துளிகூட இருக்காது. இது எல்லாக் கடையிலும் நடக்கிற காரியமில்லை!

பெஞ்சுதான் ரொம்பத் தாழ்வு. ஓடிய முட்டியோடு எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. “நாற்காலி வாங்கிடுறேன் அண்ணே” என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார். திங்கள் விடுமுறை. எட்டரைக்குள் போய்விடுங்கள், கூழ் தீர்ந்துவிடும்.