மழலையர் மின்வண்டி: மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

மதுரை அழகர்கோவில் சாலையில் ஒரு மழலையர் பள்ளிக்காக, வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறிய மின்வண்டியை வடிவமைத்தோம். வாசலிலிருந்து வகுப்பறை வரை இறக்கமான பாதை. நடுவே ஒரு நெருக்கமான வளைவு. ஆறு குழந்தைகள், ஓர் ஆயா, ஓர் ஓட்டுநர். நான்கு சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தோம். இன்னொரு பள்ளி கேட்டாலும் அதையே சொல்வேன்.

மூன்று சக்கரத்தின் வசதிகள் ஊரறிந்தவை. விலை குறைவு, சின்ன இடத்தில் திரும்பிவிடும், எந்த ஆட்டோ மெக்கானிக்கும் கை வைப்பார், பழையதாகிவிட்டாலும் வாங்க ஆள் உண்டு. இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் வளைவில் கவிழுமா என்ற கேள்வி மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பின் சக்கரங்களுக்கு இடையே 110 செ.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமானால் ஈர்ப்பு மையத்துக்கும் வண்டி சாயும் விளிம்புக்கும் (ஒரு பக்கத்து முன், பின் சக்கரங்களை இணைக்கும் கோடு) இடையே 55 செ.மீ. இருக்கும். முன்னால் ஒற்றைச் சக்கரமானால் அந்த விளிம்பு முன் சக்கரத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். மிஞ்சுவது ஏறக்குறைய 35 செ.மீ. கணக்குப்படி, 5 மீட்டர் ஆர வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினாலே அது கவிழும் எல்லையைத் தாண்டிவிடும். வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் பாய்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

இது பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வண்டியின் கணக்கு. நான்கு வயதுக் குழந்தை சுமார் 16 கிலோ. வேலியோரம் மயில் தெரிந்தால் ஆறு பேரும் ஒரே பக்கம் குவிவார்கள். 550 கிலோ வண்டியில் அவர்கள் 40 செ.மீ. நகர்ந்தால் ஈர்ப்பு மையம் 7 செ.மீ. விலகும். இருப்பதே 35 செ.மீ. என்றால், ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. எழுந்து நின்றால் உயரமும் கூடும். பெல்ட் கட்டாயம்தான்; ஆனால் ஆயா ஒரு நாள் ஒரு பெல்ட்டை மாட்ட மறந்தாலும் வண்டி தாங்க வேண்டும்.

பேட்டரியை இரண்டு வகையிலுமே தரைத்தட்டுக்கு அடியில் வைக்கலாம். ஈய அமில பேட்டரியின் கனம் நிலைத்தன்மைக்கு உதவும் என்று ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அமிலம் கசியலாம் என்பதால் அதை விட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற லித்தியம் பேட்டரி வகைக்குப் போனோம்.

நான்கு சக்கரத்தின் குறை முன்பக்கத்தில் இருக்கிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராட், பால் ஜாயிண்ட், சக்கரங்கள் நேராக நிற்கும் அலைன்மெண்ட் என்று கவனிக்க வேண்டியவை அதிகம். அவை எத்தனை ஆண்டில் செலவு வைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எங்கள் வண்டி இன்னும் ஓடவில்லை. கே.புதூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலைக்கு ஆள் கிடைப்பது ஒரு தெம்பு.

பொதுச் சாலையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த வடிவம் உதவாது. அதற்கு வகை ஒப்புதலும் (வண்டியின் வடிவமைப்புக்கான அரசு அங்கீகாரம்) பதிவும் வேண்டும். பதிவுள்ள இ-ரிக்‌ஷாவிலும் ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்கு மேல் ஏற்ற விதி இடம் தராது.

பணம் இடிக்கிறது, மூன்று சக்கரம்தான் முடியும் என்றால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரிலேயே வேகத்தை 10 கி.மீ.க்குப் பூட்டிவிடுங்கள். இருக்கைகளைப் பின் அச்சை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். ஓட்டுநர் பக்கத்தில் எந்தக் குழந்தையையும் உட்காரவைக்காதீர்கள்.