ஃபிடாசிம்: வேக அயனி நிறமாலையைக் கணித்துத் தரும் இலவச மென்பொருள்

டோகாமாக் எனும் அணு இணைவுக் கருவியில் நியூட்ரல் பீம் (மின்னூட்டமற்ற அணுக்களின் வேகக் கற்றை) உருவாக்கும் வேக டியூட்டீரிய அயனிகளில் சில, பீம் அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு டி-ஆல்ஃபா எனும் டியூட்டீரியத்தின் சிவப்பு ஒளியை உமிழ்கின்றன. அசையாத அணுவுக்கு அதன் அலைநீளம் 656.1 நானோமீட்டர். 80 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அயனி பார்வைக்கோட்டின் திசையிலேயே ஓடினால் டாப்ளர் விளைவால் அலைநீளம் ஏறக்குறைய 6 நானோமீட்டர் விலகும். அந்த நிறமாலை எப்படி அமைய வேண்டும் என்பதை மான்டி கார்லோ முறையில் (தற்செயலாகத் தேர்ந்த மாதிரித் துகள்களைப் பின்தொடர்ந்து) கணித்துத் தருகிறது ஃபிடாசிம். முதலில் ஐடிஎல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. இன்று கணக்கீடு முழுவதும் ஃபோர்ட்ரானில் ஓடுகிறது.

நிறுவுவது எளிது. அணு வினை அட்டவணை உருவாகத்தான் நெடுநேரம் பிடிக்கும். அதை ஒருமுறை செய்தால் போதும். உள்ளீட்டைப் பைதானில் தயாரிக்கலாம். நீளம் சென்டிமீட்டரில், ஆற்றல் கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில். மீட்டரில் கொடுத்துவிட்டால் பார்வைக்கோடு பீமைத் தொடாமலே போய்விடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் பிட்ச் குறி. பிட்ச் என்பது அயனியின் வேகத்தில் காந்தப்புலத்தின் வழியே அமையும் பங்கு; குறி திசையைச் சொல்லும். பீம் அயனிகளைக் கணிக்கும் நுபீம் நிரல் தரும் அயனிப் பரவலில் பிட்ச் பிளாஸ்மா மின்னோட்டத்தின் திசையை ஒட்டியது. ஃபிடாசிமுக்குக் காந்தப்புலத்தின் திசை வேண்டும். இரண்டும் எதிரெதிராக இருக்கும் ஷாட்டில் (ஒரு பிளாஸ்மாச் சோதனை ஓட்டத்தில்) குறியை மாற்றாவிட்டால், மின்னோட்டத்தோடு செல்லும் அயனிகள் எதிர்த்திசையில் ஓடுவதாகக் கணக்காகும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிறமாலையும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கும். அதனால்தான் இது ஆபத்து.

ஹேலோ அணுக்களை (பீமோடு எலெக்ட்ரான் பரிமாறி அதைச் சுற்றி உருவாகும் அணுக்களை) அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். நேரம் மிச்சமாகும், ஆனால் அவற்றின் அடர்த்தி பீம் அணுக்களுக்கு இணையாக வரக்கூடியது. விட்டுவிட்டால் ஒளி குறைவாகவே கணிக்கப்படும். நிறமாலையின் ஓரம் இரைச்சலாகத் தெரிந்தால் துகள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்கு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும்.

அளவீட்டோடு ஒப்பிடும்முன், அதே பார்வைக்கோட்டில் பீம் உமிழ்வு (பீம் அணுக்களே உமிழும் ஒளி) பொருந்துகிறதா என்று பாருங்கள். அதுவே பொருந்தாவிட்டால் எலெக்ட்ரான் அடர்த்தியோ, பீம் வடிவமோ, ஒளி அளவுத்திருத்தமோ தவறு. வேக அயனிகளைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 658 நானோமீட்டர் அருகே நிற்கும் கார்பன் கோடுகளையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அளந்த நிறமாலையிலிருந்து பரவலை நேராக மீட்டுத் தரும் கருவி அல்ல இது. எந்த ஆற்றலும் பிட்சும் உள்ள அயனிகள் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு பங்களிக்கும் என்று சொல்லும் எடைச் சார்புகளைக் கொடுக்கும். அவற்றைக் கொண்டு பரவலை மீட்டெடுக்கும் டோமோகிராஃபி உங்கள் வேலை. சுவரை நோக்கித் தப்பும் அயனிகளுக்குச் சின்டிலேட்டர் இழப்புக் கண்டறிவான் தனியே வேண்டும். கிளாசிக்கல் வேகக்குறைவுக் கணிப்போடு (மோதல்களால் மட்டுமே அயனிகள் வேகமிழக்கும் என்ற கணிப்போடு) ஒரு ஷாட்டை ஒப்பிட்டு, ஆல்ஃபென் அலைகள் (பிளாஸ்மாவில் காந்தப்புலத்தின் வழியே பரவும் அலைகள்) அயனிகளை இடம்பெயர்த்தனவா என்று பார்க்க விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்போம்.